எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கறி இறங்கலையா? தினமும் 60 கிராம் புரதத்தை எட்டுவது எப்படி? முழு விவரம்

உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர், வீட்டுக்கு வந்த சில மாதங்களில் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "இட்லி இறங்குது, தயிர்சாதம் இறங்குது, கறி மட்டும் நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குது" என்பதுதான் அது. சிலருக்கு இரண்டாவது வாயிலேயே வாந்தி. சிலருக்கு மட்டன் குழம்பு வாசனையே பிடிக்காமல் போய்விடுகிறது.

இதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'கறி வேண்டாம், கஞ்சி போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். கறியை விடுவதால் ஆபத்து இல்லை. அதை விட்ட இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

கறி மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குது?

பேரியாட்ரிக் சிகிச்சைகளில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி. இதில் வயிற்றின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு வாழைப்பழம் போல நீளமான குழாயாக நிற்கும். இன்னொன்று காஸ்ட்ரிக் பைபாஸ். இதில் வயிற்றின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளளவுக்கு ஒரு சிறு பை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். 30 மில்லி என்றால் இரண்டு டேபிள்ஸ்பூன். அவ்வளவுதான்.

சாதாரண வயிறு ஒரு கிரைண்டர் மாதிரி. நாம் சரியாக மெல்லாமல் விழுங்கிய கறித்துண்டைக்கூட அமிலம் விட்டு ஊறவைத்து, அடிப்பகுதியில் கசக்கி அரைத்து, கூழாக்கிய பிறகுதான் குடலுக்கு அனுப்பும். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த அரைக்கும் பகுதிக்கு உணவு போவதே இல்லை. சிறு பையில் அமிலமும் குறைவு, வெளியேறும் வழியும் குறுகல். ஸ்லீவ் செய்தவர்களுக்கு உணவு தங்கி ஊற இடம் கிடையாது, குழாய்க்குள் அழுத்தமும் அதிகம். கறியோ நார் நாராக இருக்கும் பொருள். இட்லி எச்சிலிலேயே கரைந்துவிடும், கறி கரையாது. அதனால் சரியாக மெல்லாத ஒரு துண்டு போய் அடைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'ஆபரேஷன் பண்ணினா புரோட்டீன் ஜீரணமே ஆகாது' என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புரதத்தைப் பிரித்து உடலுக்குள் எடுக்கும் வேலை பெருமளவு சிறுகுடலில்தான் நடக்கிறது. கறியில் பிரச்னை பெரும்பாலும் அதன் நார்த்தன்மைதான். அதே புரதம் முட்டையாக, தயிராக, மீனாகப் போனால் பலருக்கும் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

எவ்வளவு புரதம் தேவை?

சராசரி இந்தியருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது ஐ.சி.எம்.ஆர் பரிந்துரை. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இலக்கு இதைவிட அதிகம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம், சிலருக்கு அவர்களின் உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்களில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உயரத்துக்கு ஏற்ற எடை 55 கிலோ என்றால், 60-லிருந்து 80 கிராம் சொச்சம் வரை.

சாப்பாடு கால்பங்காகக் குறைந்த நேரத்தில் புரதம் மட்டும் ஏன் அதிகம் வேண்டும்? எடை வேகமாக இறங்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்துக் கரைக்கும். புரதம் குறைந்தால் தசை இழப்பு இன்னும் அதிகமாகும். எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது '5 கிலோ குறைஞ்சிருச்சு' என்று மட்டும்தான் காட்டும். அந்த 5 கிலோவில் எவ்வளவு தசை என்பது, படிக்கட்டு ஏறும்போதும், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும்தான் தெரியவரும்.

கஞ்சியும் பிஸ்கட்டும் வைக்கும் பொறி

கறி இறங்காதவர்கள் இறங்குவதை நோக்கிப் போவது இயல்பு. காலையில் ஒரு இட்லி, நடுவில் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி, மதியம் அரை கப் தயிர்சாதம், மாலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், இரவு மறுபடி ஒரு இட்லியும் ரசமும். 'எதுவும் வாந்தி வரலை, நல்லா சாப்பிடுறேன்' என்ற திருப்தி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். கஞ்சியில் ஒன்றோ இரண்டோ கிராம். தயிர்சாதத்தில் பெரும்பகுதி சாதம்தான், அரை கப்பில் 3 கிராம் கிடைத்தால் பெரிது. டீயில் ஊற்றும் பாலில் ஒரு 3 கிராம். ரசத்தில் கணக்கிலேயே வராத அளவு. மொத்தம் கூட்டினால் 15 கிராமைத் தொடுவதே கஷ்டம். தேவையில் கால்பங்கு.

வழுக்கிக்கொண்டு இறங்கும் மாவுச்சத்து உணவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை சிறிய வயிற்றில் தங்காமல் சீக்கிரம் கடந்துவிடுவதால் சீக்கிரமே மறுபடி பசிக்கும். எடை திரும்ப ஏறுவதற்கு இது ஒரு வழி. தசை போகும், பிறகு கொழுப்பு திரும்பி வரும். லட்சக்கணக்கில் செலவு செய்து ஆபரேஷன் செய்தவருக்கு இதைவிட நஷ்டம் வேறு இல்லை.

மூன்று முதல் ஆறு மாதங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதும் பலர் சொல்லும் விஷயம். வேகமாக எடை குறையும் யாருக்கும் இது ஓரளவு வரும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தால் கொட்டுவது கூடும், வளர்வது தள்ளிப்போகும். இதற்கு எண்ணெயை மாற்றிப் பயனில்லை, தட்டை மாற்ற வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் கைகொடுக்குமா?

'கறிதானே இறங்கலை, ஆட்டுக்கால் சூப் வெச்சுக் குடு, எலும்புக்கு பலம்' என்பது நம் வீடுகளில் தவறாமல் வரும் யோசனை. தொண்டைக்கு இதம், உப்பும் நீரும் சேரும், ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் மருத்துவமனையிலேயே தெளிந்த சூப் கொடுப்பார்கள். அதுவரை சரி. புரதக் கணக்கில் மட்டும் அதை நம்பக் கூடாது.

எலும்பிலும் மூட்டிலும் இருந்து சூப்பில் இறங்குவது பெரும்பாலும் கொலாஜன். அதிலிருந்துதான் ஜெலட்டினும் கிடைக்கிறது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாக உறைவது இதனால்தான். உடலால் தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் இல்லை. தசையைக் காப்பாற்றுவதில் முட்டைக்கோ பாலுக்கோ அது மாற்று ஆகாது. 'கொலாஜன் பவுடர்' என்று விளம்பரம் செய்து விற்கப்படுவதற்கும் இதே கதைதான்.

அப்போ எதைச் சாப்பிடுவது?

முதலில் முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முழுதாக அவித்தது சிலருக்கு, குறிப்பாக மஞ்சள்கரு, மாவு மாவாக அடைக்கும். கொஞ்சம் பால் விட்டு அடித்து, குறைந்த தீயில் ஈரம் போகாமல் செய்த பொடிமாஸ் சுலபமாக இறங்கும். முட்டையை உடைத்து ஊற்றிய குழம்பும் நல்ல வழி. ஓரம் முறுகிய ஆம்லெட் வேண்டாம்.

அடுத்து பால் பொருட்கள். 200 மில்லி பாலில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சாதாரண தயிர் 100 கிராமில் 3 கிராம் சொச்சம்தான். அதையே துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால், அதே 100 கிராமில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைக்கும். வயிறு சின்னது என்னும்போது இந்த 'நீரை வடிக்கிற' வேலைக்கு மதிப்பு அதிகம். பனீர் 100 கிராமில் 18 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. வறுக்காமல், உதிர்த்து, தக்காளி கிரேவியில் மிருதுவாகச் சாப்பிடலாம். பைபாஸுக்குப் பிறகு சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு ஆகலாம். அவர்களுக்குப் பாலைவிடத் தயிர் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

மீன். கறி இறங்காத பலருக்கும் இறங்குகிற அசைவம் இதுதான். மீனின் தசை நார் குட்டையானது, வெந்ததும் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். சங்கரா, வஞ்சிரம், பாறை எதுவாக இருந்தாலும் குழம்பிலோ ஆவியிலோ வேகவைத்து, முள் பார்த்து எடுத்து, குழம்பு நனைய உதிர்த்துச் சாப்பிடலாம். 60 கிராம் மீனில் 12 கிராம் அளவுக்குப் புரதம். பிள்ளை பெற்றவர்களுக்கு நம் ஊரில் செய்து கொடுக்கும் சுறாப்புட்டு பக்குவம் இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், அதே பக்குவத்தில் வேறு மீனில் செய்வது நல்லது. மொறுமொறு மீன் வறுவலும், ரப்பர் மாதிரி வெந்த இறாலும் இப்போதைக்கு வேண்டாம்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

இவர்களுக்குச் சவால் புரதத்தில் இல்லை, கொள்ளளவில். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8-9 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் அந்த 100 கிராம் சுண்டலிலேயே வயிறு நிறைந்துவிடும். தோல் வேறு சிலருக்கு அடைக்கும், வாயு வேறு. சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதனால் பருப்பு என்றால் கெட்டியாகக் கடைந்த பருப்பு. பாசிப்பருப்பு இதற்கு ரொம்ப வசதி. சாதத்தில் பருப்பு என்ற வழக்கத்தைத் திருப்பிப் போட்டு, ஒரு கிண்ணம் பருப்பில் ஒரு ஸ்பூன் சாதம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

சைவத்தில் கனமான ஆயுதம் சோயா. மீல்மேக்கர் என்று கடையில் விற்கும் சோயா உருண்டைகளில் பாதிக்கும் மேல் புரதம்தான். உலர்ந்த நிலையில் 20 கிராம் எடுத்தால் 10 கிராம் புரதம். வெந்நீரில் நன்றாக ஊறவிட்டு, பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, கொத்துக்கறி மாதிரி செய்தால் மெல்லுவது சுலபம். அரைகுறையாக ஊறியதைச் சாப்பிட்டால் உள்ளே போய் ஊதும், ஜாக்கிரதை. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அந்த நேரத்தை ஒட்டி சோயா சாப்பிட வேண்டாம், மாத்திரை உடலில் சேர்வதை அது தடுக்கக்கூடும்.

ஒரு நாளில் 60 கிராம் எட்டிவிடுமா?

எட்டும். ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு மாதம் ஆன ஒருவருக்கு உதாரணமாக: காலையில் ஒரு முழு முட்டையும் இன்னொன்றின் வெள்ளையும் சேர்த்த பொடிமாஸ், 10 கிராம். பதினோரு மணிக்கு 150 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், 25 கிராம். மதியம் 50 கிராம் பனீரும் சில ஸ்பூன் கெட்டிப் பருப்பும், 13 கிராம். மாலையில் நீர் வடித்த தயிர் 100 கிராம், 6-7 கிராம். இரவு 60 கிராம் மீன், 12 கிராம். கூட்டினால் 66 கிராம். இதில் கறி ஒரு துண்டுகூட இல்லை.

இதில் பவுடர் எதற்கு என்று கேட்கலாம். முதல் சில மாதங்களில் உணவிலிருந்து மட்டும் 60 கிராமை எட்டுவது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம். அதனால்தான் டயட்டீஷியன்களே பவுடரை எழுதித் தருகிறார்கள். 'ஜிம் பசங்க குடிக்கிறதை நான் ஏன் குடிக்கணும்' என்ற தயக்கம் தேவையில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்பது முக்கியம். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்க வேண்டும், சர்க்கரை மிகக் குறைவாக இருக்க வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் இருக்க வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வே ஐசோலேட் வகை பொருந்தும், அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. அதைத் தண்ணீரில் கலந்துகொள்ளலாம். எடை ஏற்றுவதற்கான மாஸ் கெயினர் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குக் கலந்து கொடுக்கும் மால்ட் பானங்களில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதிகம். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்தச் சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று ஒரு வழி பண்ணிவிடும். டம்பிங் சிண்ட்ரோம் என்பது இதுதான்.

கறியை மறுபடி முயற்சி செய்யலாமா?

தாராளமாக, ஆனால் அவசரமில்லை. தெளிந்த திரவம், கெட்டித் திரவம், மசித்த உணவு, மிருதுவான உணவு என்று மருத்துவமனை கொடுத்த அட்டவணையை முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு. அதற்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இன்று இறங்காத கறி இரண்டு மாதம் கழித்து இறங்கலாம்.

ஆரம்பிக்கும்போது கொத்துக்கறியாக ஆரம்பியுங்கள். சிக்கன் என்றால் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி மிருது. தயிரில் ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிட்டு, குழம்போடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பலருக்கும் சிக்குவது, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடுபண்ணிய சிக்கன்தான். ஈரம் போய் நார் இறுகிவிடும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, கூழாகும் வரை மென்று, விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் பொறுத்து அடுத்தது. பேச்சு, டிவி, போன் எல்லாம் அப்புறம். கல்யாண வீட்டுப் பந்தியில் இது நடக்காது, அங்கே கறியைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

அடைத்துக்கொண்டால்? நெஞ்சு இறுகி, விக்கல் எடுத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். உடனே தண்ணீரைக் குடித்துத் தள்ளப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது நிலைமையை மோசமாக்கும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எழுந்து மெதுவாக நடங்கள். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், அல்லது வெளியே வந்துவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது எப்போதுமே நல்லது.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

கறி மட்டும் இறங்கவில்லை என்றால் அது உணவுப் பிரச்னை. முன்பு இறங்கிய மிருதுவான உணவும், பிறகு தண்ணீரும்கூட இறங்கவில்லை என்றால் அது வேறு. இணைப்பு சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டியிருக்கும். காத்திருக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து பலருக்கும் தெரியாதது. தொடர்ந்து பல நாட்கள் வாந்தி எடுத்தால் உடலில் தயாமின் எனும் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். இதன் கையிருப்பு உடலில் சில வாரங்களுக்குத்தான் இருக்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது என்று மூளையைப் பாதிக்கும். தாமதித்தால் நிரந்தர பாதிப்பில் முடியலாம். நம் ஊரில் வாந்தி, சோர்வு என்றால் பக்கத்து கிளினிக்கில் 'ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டுக்கலாம்' என்று போவது வழக்கம். தயாமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இந்த பாதிப்பு தீவிரமாகக்கூடும். அதனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எடை குறைப்பு ஆபரேஷன் செய்திருப்பதையும், எத்தனை நாளாக வாந்தி என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் குழப்பத்தில் இருப்பவரால் தானே சொல்ல முடியாது.

கால் வீங்குவது, காயம் ஆறத் தாமதமாவது, சிறு வேலைக்கே அசந்துபோவது ஆகியவையும் புரதக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம்.

கறியோடு சேர்ந்து போகும் மற்ற சத்துகளையும் மறக்கக் கூடாது. இரும்புச்சத்தும் பி12-ம் அதில் முக்கியமானவை. ஆபரேஷன் செய்தவர்களுக்கு பி12 உடலில் சேர்வதே குறைந்துவிடும் என்பதால், டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மேலே சொன்ன அளவுகளைத் தாங்களாகவே பின்பற்ற வேண்டாம், அவர்களுக்குப் புரத அளவை நெஃப்ராலஜிஸ்ட் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, முந்தைய மூன்று நாட்கள் சாப்பிட்டதை அளவோடு போனில் குறித்துக்கொண்டு போங்கள். 'சாப்பிடுறேன் டாக்டர்' என்பதைவிட அந்தக் குறிப்பு டயட்டீஷியனுக்கு எவ்வளவோ உதவும்.